தேள்கடியும் மருந்துப்போலியும்

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையானாலும் தென்பாண்டிச் சீமையானாலும், தேள் கொட்டியவருக்கு வேப்பிலை அடித்து மந்திரிப்பது தமிழகத்துப் பழவழக்கம். கடுப்பு இறங்கிவிட்டது என்பார் கொட்டுப்பட்டவர். நேரமாக ஆகக் கடுப்புத் தானே தணிவதும் உண்டுதான். எனினும் எல்லாம் பொய்யென்று எள்ளுவோரோடு நாம் உடன்படவில்லை.

1978இல் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் என்னும் மூவர், கடைவாய்ப்பல் பிடுங்கப்பட்டோரை ஆராய்ந்தனர். மருந்தே இல்லாத மருந்துப்போலியால் சிலருக்கு நோவு தணிந்தது. அபின்வகை மருந்துகளின் விளைவை முறிக்கும் நலாக்சோனைச் செலுத்தியதும் அந்நோவு மீண்டும் தலைதூக்கிற்று. நம்பிக்கை, அபினை நிகர்த்த பொருளை உடலையே சுரக்கச் செய்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. மந்திரிப்பவரின் உறுதியான குரலும் அவ்வகையில் மருந்தே.

ஆனால் தணிவது நோவு மட்டுமே, நஞ்சன்று. நம் அச்சம் இங்கேதான். செந்தேளின் நஞ்சு குழந்தைகளின் இதயத்தைத் தாக்கவல்லது. மகாராட்டிரத்து மருத்துவர் இம்மத்ராவ் பவாஸ்கர் 1980களில் பிரசோசின் மாத்திரையால் அத்தகையோர் பலரைக் காத்தார். அதனைக் காலந்தாழ்த்தாது கொடுத்தாக வேண்டும். மந்திரிக்கட்டும், தடையில்லை, மருத்துவமனைக்கு விரையும் வண்டியில் மந்திரிக்கட்டும்.

மருத்துவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நோயாளி அறியாமல் செலுத்திய வலிநீக்கி, அறியச் செலுத்தியதைவிடக் குறைவாகவே பயன் தருவதை இத்தாலியின் பெனடெட்டி காட்டியிருக்கிறார். ஊசி போடுகையில் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போடுங்கள், ஐயா.