டிக்கெட் இலவசம், படி உயரம்



எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா பட்டாசு ஆலையில் கூலி. அம்மா தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், இப்போது போவதில்லை. காரணம் என் தங்கச்சி. ஒன்பது வயசு. அவளுக்கு மூளை முடக்குவாதம். ‘கை கால் விளங்காத பிள்ளை, போன ஜென்மத்துப் பாவம்’ என்கிறது ஊர்.

பாவமும் இல்லை, சாபமும் இல்லை. கருவிலோ, பிரசவத்திலோ, பிறந்த கொஞ்ச காலத்திலோ மூளைக்கு ஏற்படும் பாதிப்பு இது. அதனால் கை கால் தசைகள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இது ஒட்டுவாரொட்டி நோய் அல்ல. முழுசாகக் குணமாக்க மருந்து இல்லை. ஆனால் சின்ன வயதிலேயே இயன்முறைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி கொடுத்தால் நல்ல முன்னேற்றம் வரும். பேச்சு குழறினால் அறிவும் இல்லை என்று நினைப்பது பெரிய தப்பு. நான் கணக்கைத் தப்பாகப் போட்டால் முதலில் சிரிப்பது என் தங்கச்சிதான்!

பயிற்சிக்கு விருதுநகர் வரணும். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் டிக்கெட் இல்லை. நல்ல திட்டம், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படி? ஒன்பது வயசுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அம்மா எத்தனை நாள் ஏறுவார்? அப்பா கூட வந்தால் அன்றைய கூலி போச்சு. வாரம் இரண்டு தடவை போனது மாசம் ஒரு தடவை ஆனது. பிறகு நின்றே போனது.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனோம். “வீட்டிலேயே வச்சுப் பார்த்துக்கோங்க” என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்வது வேறு. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. அரசு உயர்கல்வி நிலையங்களில் குறைந்தது 5 சதவீத இடம். சட்டம் உள்ளே வா என்கிறது, வாசற்படி விடமாட்டேங்குது.

நம் விருதுநகரில் பிறந்த காமராஜர், ஏழைப் பிள்ளை ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று பிள்ளையைக் குறை சொல்லவில்லை. தடுப்பது பசி என்று கண்டார். 1956-ல் மதிய உணவு போட்டார். என் தங்கச்சியைத் தடுப்பது பசி அல்ல, படி. அதை யார் எடுப்பது?

பயிற்சியாளர் வாரம் ஒரு நாளாவது கிராமத்துக்கு வரவேண்டும். பிள்ளைக்காக வேலையை விட்ட தாயின் கூலியையும் அரசு கணக்கில் எடுக்கவேண்டும். பக்கத்துத் தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் 1981 முதல் மாற்றுத்திறனாளிகளுக்காக உழைக்கிறது. கிராமத்தில் முடியாது என்று யாரும் சொல்லமுடியாது.

அரசு செய்யட்டும் என்று நாமும் சும்மா இருக்கலாமா? ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சரிவுப்பாதை, இது சிவில் மாணவர்களுக்குத் தெரிந்த கணக்கு. சாய்ந்து விழாமல் உட்கார வைக்கும் நாற்காலி ஒன்றைப் பயிற்சியாளரிடம் அளவு கேட்டு நம் வெல்டிங் ஷாப்பில் செய்ய முடியாதா? இந்த வருஷம் நம் பேரவை ஒரே ஒரு பள்ளி வாசலில் ஒரு சரிவுப்பாதை போடட்டும். முதல் நாள் லீவு போட்டு மண் சுமக்க நான் வருகிறேன்.

எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். கடைசி ஆளும் நானாக இருக்கக்கூடாது.

சிந்திப்போம்! செயல்படுவோம்!