அதிர்ஷ்டச் சக்கரமும் நெசவாளர் வயிறும்



காஞ்சிபுரத்தில் பட்டு நெய்யும் தோழர் ஒருவர், கூலியை உயர்த்திக் கேட்பதென்று இன்னும் நான்கு தறிக்காரர்களோடு பேசி முடிவு செய்திருந்தார். முதலாளி வீட்டுக்குப் போகவேண்டிய அன்று காலை அவர் மட்டும் போகவில்லை. அவர் போகாததால் மற்றவர்களும் போகவில்லை. காரணம் கேட்டோம். கைப்பேசியை நீட்டி ஒரு படத்தைக் காட்டினார். டாரட் சீட்டாம்! பணம் கட்டி ஓர் அம்மாளிடம் பலன் கேட்டிருக்கிறார். வந்தது பத்தாம் எண் சீட்டு, பெயர் அதிர்ஷ்டச் சக்கரம். “உங்கள் சக்கரம் தானே மேலே வரும் நேரம், இப்போது எதையும் கேட்டுக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்” என்று உத்தரவாயிற்றாம்.

கோயில் வாசலில் கிளி எடுத்துக் கொடுக்கும் சீட்டைப் பார்த்துச் சிரிக்கிற படித்த வாலிபர்கள்கூட இந்தச் சீமைச் சீட்டுக்கு முன்னால் கைகட்டி நிற்கிறார்கள். கிளிக்காவது ஒரு நெல்மணி கூலி உண்டு.

நிற்க, இந்தச் சீட்டின் யோக்கியதைதான் என்ன? 15-ஆம் நூற்றாண்டில் இத்தாலியப் பிரபுக்கள் பொழுதுபோக்குக்கு ஆடிய சீட்டுக்கட்டு இது. குறி சொல்வதற்காக உண்டானதல்ல. 1781-இல் பாரிசில் கூர் த ஜெபலான் என்பவர், இது எகிப்திய ஞானிகளின் நூலென்று எழுதினார். எகிப்தியச் சித்திர எழுத்துக்கு ஷாம்போலியன் வழி கண்டதோ 1822-இல்! எழுத்தையே படிக்கத் தெரியாத காலத்தில் அதற்குள் ஞானம் கண்டவரிடம் நம் ஸ்தல புராணக்காரர்களும் பாடம் கேட்கவேண்டும்.

இனி, அந்தச் சக்கரத்தைப் பார்ப்போம். மிலான் பிரபுக்களுக்காக 15-ஆம் நூற்றாண்டில் தீட்டிய சீட்டில் சக்கரத்தைச் சுற்றி நான்கு பேர். ஒருவன் ஏறுகிறான், ஒருவன் உச்சியில் உட்கார்ந்திருக்கிறான், ஒருவன் இறங்குகிறான். உச்சியில் இருப்பவனுக்குக் கழுதைக் காது! அடியிலே கந்தல் உடுத்த கிழவன் ஒருவன், முழந்தாளிட்டு, சக்கரம் முழுவதையும் முதுகின்மேல் தாங்குகிறான். தீட்டியவன் ஓரளவு நாணயமுள்ளவன் என்றே நாம் சொல்லுவோம்.

1909-இல் லண்டனில் வெயிட் என்பவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற அம்மையாரைக்கொண்டு புதிதாக வரையச் செய்தார். (அதே 1909-இல் அண்ணா காஞ்சியில் பிறந்தார் என்று யாரும் இதற்கும் ஒரு பலன் கட்டிவிட வேண்டாம்.) அந்தப் படத்தில் சிங்க உடல் பூதம் இருக்கிறது, பாம்பு இருக்கிறது, மூலைக்கொன்றாக இறக்கை முளைத்த உருவங்கள் புத்தகம் படிக்கின்றன. சுமந்த கிழவனை மாத்திரம் காணோம்! நம் தோழர் கைப்பேசியில் இருந்தது இந்தப் படந்தான்.

பலன் சொல்வதிலுள்ள சாமர்த்தியத்தையும் கவனியுங்கள். கூலி ஏறினால் சக்கரம் மேலே வந்தது. இறங்கினால் சக்கரம் கீழே போயிற்று. சீட்டு தலைகீழாக விழுந்தால் வேறு அர்த்தம். எது நடந்தாலும் பொய்க்க முடியாத வாக்குக்கு உண்மை என்று பெயரா? முதலாளியும் பணம் கட்டி அவருக்கும் இதே சீட்டு வந்தால் யார் ஏறுவது, யார் இறங்குவது?

சக்கரம் தானாகச் சுழலுமானால் காஞ்சியில் இத்தனை தலைமுறையில் ஒரு சுற்றாவது சுழன்றிருக்கவேண்டாமா? அப்பன் காலை விட்ட தறிக்குழியில் மகன் காலை விட்டு மிதிக்கிறான். வாங்கிய முன்பணம் அவனை அந்தக் குழியோடு கட்டிப்போடுகிறது. கோர்வைப் புடவைக்கு மறுபக்கம் உட்கார இன்னொரு ஆள் வேண்டும். அது பெரும்பாலும் வீட்டு மனிதர்தான், தனிக்கூலி இல்லை. கட்டுகிறவளோ கலியாணத்தில் உச்சியில் நிற்கிறாள்.

அந்தத் தோழர் வீட்டிலும் ஒரு சக்கரம் இருக்கிறது. அவர் மனைவி தார் சுற்றும் ராட்டினம். “இது என்றைக்காவது தானே சுழன்று ஒரு தாராவது சுற்றிக் கொடுத்ததா?” என்று கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. அந்த அம்மாள்தான் சிரித்தார்.

மறுவாரம் அந்த நான்கு பேரையும் திரும்பக் கூப்பிட்டிருப்பதாகத் தகவல் வந்தது. சீட்டுக்குக் கட்டிய ஒருநாள் கூலி போனது போனதுதான்.