படிவத்தில் இல்லாத கட்டம்

சில மாதங்களுக்கு முன் ஒரு மணச் சோதனையை ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எண் மட்டும் எழுதிய காகிதப் பட்டை. நுனியில் மெத்தில் சாலிசிலேட். முகர்ந்த அம்மாள் பட்டையைக் கீழே வைக்கவில்லை. "தைல வாசனை சார். பாட்டிக்குக் கால் தேய்ச்சு விடுவேன்" என்றார். கண் லேசாகக் கலங்கியிருந்தது. படிவத்தில் இதம், புத்துணர்ச்சி, மகிழ்ச்சி, அருவருப்பு என்று கட்டங்கள். சற்று யோசித்துவிட்டு இதத்துக்கு 3 போட்டார். பாட்டி கணக்கில் சேரவில்லை.

இந்த மூலக்கூறுக்கு மண ஆய்வுத் துறையில் ஒரு பழைய கதை உண்டு. 1966-இல் ஆய்வாளர் மான்கிரீஃப் பிரிட்டனில் கேட்டபோது இதன் விண்டர்கிரீன் மணம் பிடிக்காதவற்றோடு கிடந்தது. 1978-இல் கெயினும் ஜான்சனும் அமெரிக்காவில் கேட்டபோது மிகவும் பிடித்தவற்றுள் ஒன்று. அமெரிக்கருக்கு அது மிட்டாய் வாசனை. போர்க்காலத்தைப் பார்த்த பிரிட்டிஷாருக்கு வலித் தைலம். நம் பக்கத்தில், ஊட்டிக் கடைகளில் யூகலிப்டஸ் தைலத்துக்குப் பக்கத்திலேயே விண்டர்கிரீன் எண்ணெயும் நிற்கிறது. வாங்குகிறவர் மூட்டைத் தடவிக்கொண்டேதான் விலை கேட்பார்.

சொல்லை நம்பாதே, உடம்பைக் கேள் என்பவர்கள் உண்டு. கேட்கலாம். பிடிக்காத வாடை வந்தால் மூக்கு சட்டென்று உறிஞ்சுவதைக் குறைத்துக்கொள்கிறது. புருவத் தசை சுருங்குவது மின்முனையில் தெரிகிறது. ஆனால் தோலின் மின்கடத்தல் ஏறினால் ஆள் கிளர்ந்திருக்கிறார் என்பது மட்டும்தான் தெரியும். மகிழ்ச்சியா பயமா என்று அந்தக் கோடு சொல்லாது. அதற்குக் கடைசியில் வாயைத்தான் கேட்க வேண்டும்.

அங்கேதான் நாம் சறுக்குகிறோம். 2009-இல் ஜெனீவாவில் உருவான மண உணர்ச்சி அளவுகோல் நல்ல கருவி. அங்குள்ளவர்கள் சொன்ன சொற்களைச் சலித்து எடுத்தது. அதே குழுவினர் பிரிட்டனுக்கும் சிங்கப்பூருக்கும் போனபோது பழைய பட்டியலையே மொழிபெயர்த்துக் கொடுத்துவிடவில்லை, அந்தந்த ஊரில் புதிதாகத் திரட்டினார்கள். பிரிட்டனில் பழைய நினைவின் ஏக்கம் தனிப் பிரிவாக வந்தது, சிங்கப்பூரில் ஆன்மிகம். சாம்பிராணிப் புகையில் வளர்ந்தவருக்கு இதில் வியப்பில்லை. நாமோ ஜெனீவாப் பட்டியலை அகராதி வைத்துத் தமிழாக்கி நீட்டுகிறோம். 'புத்துணர்ச்சி' சோப்பு விளம்பரச் சொல். வீட்டில் யாரும் சொல்வதில்லை. 'காமம்' என்று அச்சிட்ட கட்டத்தில் டிக் அடிக்க எத்தனை பேருக்குக் கை வரும்? "மனசு லேசாச்சு", "சாமி கும்பிட்ட மாதிரி", "ஆஸ்பத்திரி பயம்" என்றெல்லாம் மக்கள் சொல்வதற்கு நம்மிடம் கட்டமே கிடையாது.

மறுப்பு ஒன்றும் இருக்கிறது, கனமானது. அர்ஷமியான் குழுவின் 2022 ஆய்வில், பத்துச் சமூகங்களில் எது பிடிக்கும் என்ற வரிசை பெரிதும் ஒத்துப்போனது. பண்பாட்டின் பங்கு 6 விழுக்காடுதான்; மூலக்கூறுக்கு 41, தனிநபர் விருப்பத்துக்கு 54. ஏற்கிறேன். ஆனால் அது பிடிக்குமா பிடிக்காதா என்ற கேள்வி. என்ன உணர்ச்சி என்பது வேறு கேள்வி. தவிர, அந்த 54 நம் சராசரிகளுக்குத்தான் பெரிய அடி.

நம் ஆய்விதழின் அடுத்த இதழ் முதல், உணர்ச்சி அளவீட்டுக் கட்டுரைகள் பங்கேற்பாளர் கையில் கொடுத்த தமிழ்ப் படிவத்தை அப்படியே இணைக்க வேண்டும். சொற்கள் யார் வாயிலிருந்து, எப்படித் திரட்டப்பட்டன என்பதும் வேண்டும். படிவத்தின் அடியில் ஒரு வெற்று வரி விடுங்கள்.

முதலில் சொன்ன சோதனையில் மறுநாள் அப்படி ஒரு வரி விட்டுப் பார்த்தோம். பன்னீர் ரோஜாப் பட்டைக்கு ஒருவர் 'கல்யாண வாசல்' என்று எழுதினார். பக்கத்து நாற்காலிக்காரர் எழுதியது 'சாவு வீடு'. விருப்பத்துக்கு இருவருமே 7 போட்டிருந்தார்கள்.