இரவல் அண்டாவும் கைப்பேசியின் ஞாபகமும்

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் அடுத்த வீட்டில் வசிக்கும் அக்காள் ஒருவர், மகளுடைய கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பத்தைக் கைப்பேசியில் நிரப்ப முற்பட்டு, பெயரும் முகவரியும் வங்கிக் கணக்கு எண்ணும் பொறுமையாகப் பதிந்து முடித்து, குறுஞ்செய்தியாக வந்த ஓ.டி.பி. எண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அரை நிமிஷத்துக்குள், அதுவரை எழுதியதெல்லாம் மறைந்து வெற்றுப் படிவம் மட்டும் திரையில் நிற்கும் அதிசயத்தை மூன்று முறை அனுபவித்தார். நான்காம் முறை முயலத் தெம்பில்லாமல் கடைத்தெருவுக்குப் போனார். “மெமரி ஃபுல் ஆயிருச்சுக்கா, போட்டோ எல்லாம் அழிச்சிருங்க” என்றார் கடைக்காரர். காலஞ்சென்ற கணவரின் படங்கள் உள்பட நூற்றுக்கணக்கான படங்களை அழித்த பிறகும் வியாதி தீரவில்லை. தவணையில் புதுப் போன் வாங்கிக்கொள்ளலாம் என்பதே அடுத்த யோசனை.

நெல் விளையும் பாலக்காட்டுச் சீமையில் பத்தாயத்துக்கும் களத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர் இல்லை. படங்களும் பாட்டுகளும் தங்கும் சேமிப்பிடம் பத்தாயம். ரேம் என்று சொல்லப்படுவதோ, அந்தந்த நேரத்து வேலை நடக்கும் களம். இரண்டையும் ‘மெமரி’ என்ற ஒரே சொல்லால் அழைத்துப் பழகிவிட்டதால், களத்தில் இடமில்லாதபோது பத்தாயத்தைக் காலி செய்யும் விபரீதம் நேர்கிறது. அக்காள் இழந்த படங்கள் இந்தச் சொற்குழப்பத்துக்குக் கொடுத்த விலை.

களம் ஏன் நிறைகிறது? சில செயலிகள் தமக்கு வேண்டிய ஞாபகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, வேலை முடிந்தபின் திருப்பித் தருவதில்லை. இதை ‘நினைவகக் கசிவு’ என்று மொழிபெயர்க்கிறார்கள். கசிவு என்றால் மூலத்தறை அணையிலிருந்து வரும் வாய்க்கால்நீர் கடைமடைக்கு எட்டாமல் மண்ணுக்குள் இறங்கிவிடுவதே சித்தூர் விவசாயிக்குத் தோன்றும். ஆனால் இங்கே எதுவும் வெளியே ஒழுகுவதில்லை. ஊர்ப் பொதுவில் உள்ள அண்டாக்களைக் கல்யாணத்துக்கு இரவல் வாங்கிப் போனவர், பந்தி முடிந்தபின் அவற்றை வீட்டு மூலையில் கவிழ்த்துவைத்துவிட்டு, மறுநாள் வேறு காரியத்துக்கு மறுபடியும் புதிய அண்டா கேட்டு வருவதற்கு ஒப்பானது இது. அவர் திருடரல்லர், மறதிக்காரர். ஆயினும் நான்கு நாள் கழித்து முகூர்த்தம் வைத்திருக்கும் ஏழை வீட்டாருக்கு ஒரு பாத்திரமும் மிஞ்சுவதில்லை.

எவரும் உரிமை கொண்டாடாத பாத்திரங்களைத் தானே திரட்டிக்கொள்ளும் ஏற்பாட்டை, ஜான் மெக்கார்த்தி என்னும் அமெரிக்க அறிஞர் 1959 வாக்கிலேயே லிஸ்ப் என்னும் கணினி மொழிக்காக வகுத்தார். ஆண்ட்ராய்டிலும் அத்தகைய ஏற்பாடு உண்டு. ஆனால் ‘இது என்னிடம் இருக்கிறது’ என்ற குறிப்பைச் செயலி அழிக்காமல் விட்டுவிட்டால், அந்த ஏற்பாடு அதைத் தொடாது. கடைசியில் களம் நிரம்பியதும், பின்னால் காத்திருக்கும் செயலிகளைச் சாதனம் ஒவ்வொன்றாக வெளியேற்றுகிறது. குறுஞ்செய்தியைப் பார்க்கப் போன நேரத்தில் அக்காளின் படிவம் மாய்ந்தது இப்படித்தான். அண்டாவைப் பதுக்கியவன் ஒருவன் இருக்க, வரிசையில் நின்றவன் விரட்டப்படுகிறான்.

இது மலிவான போன்களின் தலைவிதி என்று அலட்சியமாகக் கருதுவோர் லண்டன் ஆம்புலன்ஸ் சேவையின் சரித்திரத்தைப் படிக்க வேண்டும். வண்டிகளை அனுப்பும் அதன் கணினி அமைப்பு 1992 நவம்பர் 4 அதிகாலையில் ஸ்தம்பித்தது. சுமார் மூன்று வாரங்களுக்கு முன் ஒரு நிரலாளர் விட்டுவைத்த நிரலின் சிறு பகுதியொன்று, வண்டி அனுப்பப்படும் ஒவ்வொரு தடவையும் துளி ஞாபகத்தை எடுத்துக்கொண்டு திருப்பித் தராமல் இருந்ததே காரணமென்று விசாரணையில் வெளிப்பட்டது. ஒரு தலைநகரத்தின் பெரிய கணினியையே மூன்று வாரத்தில் வீழ்த்த வல்ல மறதி, இரண்டு ஜிபி போனை ஒரே பகலில் வீழ்த்துவதில் ஆச்சரியம் என்ன?

கேரள-தமிழக எல்லைப் பிரதேசத்து ஜனங்களாகிய நமக்கு இதில் ஒரு விசேஷத் துன்பமும் உண்டு. கேரளத்தில் ரேஷன் கார்டும் பொள்ளாச்சியில் வேலையும் உள்ளவரும், மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்தில் லயமும் தேனியிலோ தென்காசியிலோ பூர்வீக வீடும் உள்ளவரும், இரண்டு ராஜ்யங்களின் செயலிகளையும் இரண்டு மொழிகளின் விசைப்பலகைகளையும் ஒரே போனில் சுமக்கிறார்கள். புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடக்கும் ஏலக்காய் ஏலத்தின் விலையை இருபுறத்து விவசாயியும் போனில்தான் பார்க்கிறார். பூப்பாறையிலிருந்து போடிமெட்டு வழியாக இறங்கும்போது சிக்னல் அறுந்து அறுந்து வருவது யாவரும் அறிந்ததே. அவ்வாறு அறும்போதெல்லாம் மறுபடி மறுபடி தொடர்பு கொள்ள முயலும் செயலி, தோற்ற முயற்சிகளின் சுமையைக் கீழே வைக்காமல் வைத்துக்கொண்டிருக்குமானால், நகரத்தில் ஒரு வாரத்தில் தெரியும் குறை மலையில் ஒரே நாளில் தெரிந்துவிடும்.

ஆகவே பரிகாரத்துக்கு முன் பரீட்சை வேண்டும். போனை அணைத்து மீண்டும் இயக்கியதும் சுறுசுறுப்பாகி, ஓரிரு நாளில் படிப்படியாகச் சோர்ந்தால் இரவல் வியாதியென்றே பெரும்பாலும் சந்தேகிக்கலாம். இயக்கியவுடனேயே சோர்ந்திருந்தால் காரணம் வேறு. அடுத்து, பல ஆண்ட்ராய்டு போன்களில், அணைக்கும் குறியைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் ‘சேஃப் மோடு’ என்னும் வழி திறக்கும். அதில் நாமாக இறக்கிக்கொண்ட செயலிகள் யாவும் உறங்க, போனோடு வந்தவை மட்டும் இயங்கும். அந்நிலையில் ஒரு பகல் முழுதும் போன் நன்றாயிருந்தால், குற்றவாளி நாம் அழைத்து வந்த விருந்தாளிகளில் ஒருவன். அமைப்புப் பகுதியில் ‘பில்டு நம்பர்’ என்பதை ஏழு முறை தட்டினால் திறக்கும் டெவலப்பர் பக்கத்தில், எந்தச் செயலி எவ்வளவு ஞாபகத்தை வைத்திருக்கிறது என்ற கணக்கும் அநேக போன்களில் கிடைக்கும். அண்மையில் வந்ததை முதலில் நீக்கி, ஒரு நாள் பொறுத்து, பிறகு அடுத்ததை நீக்குவதே நிதானமான முறை. அக்காளின் போனில் நாங்கள் இவ்விதம் தேடிக் கண்டது, தினமும் ராசிபலன் சொல்லும் இலவசச் செயலி ஒன்று. அதை நீக்கியபின் விண்ணப்பம் ஒரே தடவையில் போய்ச் சேர்ந்தது.

இந்த இடத்தில் ஜனங்கள் அடிக்கடி விழும் குழியொன்று உண்டு. ‘மெமரியைச் சுத்தம் செய்கிறேன்’ என்று வரும் செயலிகளும் செயலிகளே. அவற்றுக்கும் களத்தில் இடம் வேண்டும். அவை விரட்டிய செயலிகள் மறு நிமிஷமே திரும்பி வருவதால் மின்கலம் கரைகிறதேயன்றிக் களம் விரிவதில்லை. இந்திய சர்க்கார் 2020 ஜூன் 29 அன்று தடை செய்த 59 செயலிகளின் பட்டியலில் கிளீன் மாஸ்டர், டி.யூ. கிளீனர் ஆகியவையும் இருந்தன. தடைக்குச் சொல்லப்பட்ட காரணம் நாட்டின் பாதுகாப்பு; ஆயினும் துப்புரவுக்காரர் என்று வீட்டுக்குள் விட்டவரை விசாரிக்கவில்லையே என்று நாமும் நாணியிருக்க வேண்டும்.

வெளியிலிருந்து வந்த செயலிகளையே எப்போதும் பழிப்பதும் நியாயமாகாது. 2021 மார்ச்சில் உலகெங்கும் ஆண்ட்ராய்டு போன்களில் செயலிகள் திறந்த மாத்திரத்தில் விழுந்தபோது, அவற்றைச் செய்தவர்கள் குற்றமற்றவர்கள். ‘வெப்வியூ’ என்னும் கூகுளின் பொதுப் பகுதியில்தான் கோளாறு இருந்தது. பரீட்சை செய்யாமல் தீர்ப்புச் சொல்லலாகாது என்பதற்கு இதுவும் சாட்சி.

ஆனால் இந்தப் பரீட்சைகளையெல்லாம் கொழுந்து கிள்ளிவிட்டு மாலையில் லயத்துக்குத் திரும்பும் பெண்ணொருத்தி ஏன் கற்றுக்கொள்ள வேண்டும்? 2008இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனுக்கு இருந்த களம் 192 எம்பி. இன்று இரண்டு ஜிபி போன் வைத்திருப்பவரிடம் அதைப் போல் பத்து மடங்குக்கு மேல் உண்டு. எளிய போன்களுக்கென்றே கூகுள் 2017இல் வகுத்த ‘ஆண்ட்ராய்டு கோ’ ஒரு ஜிபிக்குள் நடந்தது. ஐந்தே வருஷங்களில் அதற்கும் குறைந்தபட்சம் இரண்டு ஜிபி வேண்டும் என்றாயிற்று. செயலி எழுதுகிறவர்களின் கை தாராளமாகத் தாராளமாக, வாங்குகிறவர்களின் கை வெறுமையாகிறது. விலையுயர்ந்த போனை மேஜைமேல் வைத்துச் செயலியைச் சோதிக்கும் நிரலாளருக்கு, தாம் மறந்த அண்டா கண்ணில் படுவதேயில்லை.

தாமாக விரும்பி இறக்கிய விளையாட்டென்றால் நீக்கிவிட்டு நிம்மதியடையலாம். சர்க்காரே கட்டாயமாக்கும் செயலியை என்ன செய்வது? ஊரக வேலை உறுதித் திட்டத்தில் நாளுக்கு இரு முறை செயலியில் படமெடுத்து வருகையைப் பதிய வேண்டும் என்ற விதி 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து எல்லாப் பொதுப் பணியிடங்களுக்கும் கட்டாயமாயிற்று. பணியிடத்தை மேற்பார்க்கும் ‘மேட்’ பெண்ணின் சொந்தப் போன் சோர்ந்து விழுந்தால் அவள் ஒருத்தியின் விண்ணப்பம் மட்டுமன்று, அந்தக் கூட்டத்தின் கூலியே கேள்விக்குள்ளாகிறது. ஏழையின் போனில் இடம் கேட்பவர், அந்த இடத்தைத் திருப்பித் தரும் கடமையையும் ஏற்க வேண்டும்; அக்கடமைக்குத் தவறினால், காகித வருகைப்பதிவேடும் சாதாரணக் குறுஞ்செய்தியும் தடையின்றிச் செல்லுபடியாக வேண்டும்.

இதற்குப் பெரிய கமிஷன் ஒன்றும் தேவையில்லை. செயலியைக் கட்டாயமாக்கும் உத்தரவில் கையெழுத்திடுமுன், அந்த அதிகாரி இரண்டு ஜிபி போன் ஒன்றை வாங்கி, அதில் இரு ராஜ்யங்களின் செயலிகளையும் ஏற்றிக்கொண்டு, வட்டவடையிலோ மறையூரிலோ காலை முதல் மாலை வரை ஒரு நாள் பணியிடத்தில் நிற்கட்டும். மாலைப் படத்தை எடுக்க வேண்டிய நேரத்தில் அந்தப் போன் அவருக்குக் கைகொடுக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேனாவை எடுக்கட்டும்.