தலைக்கவசமும் கூட்டுச் சிந்தனையும்

'விதி' என்னும் சொல்லுக்குத் தமிழில் இருபொருள் உண்டு. நெறிமுறை என்பது ஒன்று. ஊழ் என்பது மற்றொன்று. சாலையில் முதற்பொருளை மறந்து செல்வோர், மருத்துவமனை வாயிலில் இரண்டாம் பொருளைச் சொல்லித் தேற்றிக்கொள்வதை நாம் அன்றாடம் காண்கிறோம். 'விபத்து' என்னும் சொல்லும் ஏறத்தாழ அத்தகையதே. எவருக்கும் பொறுப்பின்றித் தானே வந்து விழுந்த ஒன்று என்னும் எண்ணத்தை அது தோற்றுவித்துவிடுகிறது. பிரித்தானிய மருத்துவ இதழ் 'ஆக்சிடென்ட்' என்னும் சொல்லை 2001ஆம் ஆண்டிலேயே தன் பக்கங்களினின்று விலக்க முடிவு செய்தது ஈண்டு நினைக்கத்தக்கது.

சொல்லாராய்ச்சி நிற்க. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர். அவருள் 74,897 பேர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர். தலைக்கவசம் அணியாது இறந்தவர் 50,029 பேர். இவருள் 14,337 பேர் பின்னிருக்கையில் அமர்ந்திருந்தவர். தமிழ்நாட்டில் அவ்வாண்டு நேர்ந்த விபத்துகள் 64,105. இவ்வெண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்கே வாய்த்திருக்கிறது. எம் துறையின் வருகைப் பதிவேட்டிலும், கல்வியாண்டின் இடையில், ஒரு மாணவனின் பெயருக்கு நேரே கோடிழுக்க நேர்ந்ததுண்டு. புள்ளிவிவரம் என்பது அப்படிப்பட்ட கோடுகளின் தொகையே.

இக்கேட்டைக் குறைக்கக் கல்லூரிகளில் இன்று பெரிதும் பேசப்படும் வழிகளுள் ஒன்று 'ஹேக்கத்தான்'. பல துறை மாணவர்கள் ஓரிடத்தில் கூடி, ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, இரவு பகல் பாராது உழைத்துத் தீர்வொன்றை உருவாக்கிக் காட்டும் போட்டி இது. மாரத்தானின் வாலை ஒட்டிப் பிறந்த இச்சொல்லைக் 'கூட்டாக்கக் களம்' எனத் தமிழில் வழங்கலாம் என்பது எம் கருத்து. மத்திய அரசு 2017ஆம் ஆண்டில் தொடங்கிய 'ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான்' இவ்வகையில் பெரியது. அதன் மென்பொருள் இறுதிச் சுற்று 36 மணி நேரம் இடைவிடாது நடைபெறுவது. அமைச்சகங்களே சிக்கல்களை எழுதித் தருகின்றன என்பது அதன் சிறப்பு.

இம்முயற்சியை நாம் வரவேற்கிறோம். ஆயினும் மாணவர் கண்காட்சிகளில் நாம் காண்பது என்ன? தலைக்கவசம் அணியாவிடில் வண்டி கிளம்பாது. மது அருந்தியிருந்தால் பொறி இயங்காது. ஆண்டுதோறும் இவையே வேறு வேறு வண்ணங்களில் வந்து பரிசு பெறுகின்றன. அறிவுக்கூர்மையில் குறையில்லை. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, கவசத்தைத் தலையில் வைத்தால் போதும் என்று கூறவில்லை. வாரை இறுகக் கட்டவேண்டும் என்கிறது. நம் சாலையில் பலர் தலையில் கவசம் உண்டு, கட்டிய வார் இல்லை. வைகாசி வெயிலில் அது தலைமேல் அடுப்பாகக் காய்கிறது என்பதும் உண்மை. வெப்பம் தாங்கும், கழுத்தை அழுத்தாத, ஏழைத் தொழிலாளி வாங்கத்தக்க ஒரு கவசம் பரிசுக்குரிய சிக்கலாக ஏன் ஆவதில்லை? மின்னணுக் கருவி இல்லாத தீர்வைக் கண்டுபிடிப்பு என ஒப்புக்கொள்ள நாம் தயங்குவதே காரணம் எனலாம்.

இன்னொன்றும் கூறவேண்டும். பின்சக்கரத்தின் பாதியையேனும் மறைக்கும் காப்பு இருத்தல் வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. சாரி கார்டு என மக்கள் வழங்கும் அதனை, அழகு கெடுகிறது என்று கழற்றி எறியும் இளைஞர் பலர். பின்னிருக்கையில் ஒருபுறமாக அமரும் தாயின் சேலைத் தலைப்பும், தங்கையின் துப்பட்டாவும், புர்காவின் ஓரமும் சக்கரத்தில் சிக்குவது அதன் விளைவு. எந்தக் களத்திலும் இச்சிக்கல் எழுதப்பட்டு நாம் கண்டதில்லை. பின்னிருக்கையில் அமர்வோர் அக்களங்களுக்கு அழைக்கப்படுவதில்லை அன்றோ?

கூட்டுச் சிந்தனையின் பயனுக்குப் பழைய சான்றொன்று உண்டு. அரேபிய லாரன்ஸ் என அறியப்பட்ட ஆங்கிலேயர் 1935ஆம் ஆண்டு மே மாதத்தில் மோட்டார் சைக்கிளினின்று வீழ்ந்து, ஆறு நாள் கழித்து இறந்தார். அவரைக் கவனித்த மருத்துவருள் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ், தலைக்காயங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து 1941ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டார். இராணுவத்தின் தூது வண்டியோட்டிகளும் மருத்துவரும் அதிகாரிகளும் ஒன்று சேர்ந்ததால் அவ்வாண்டே படையினர்க்குக் கவசம் கட்டாயமாயிற்று. பொதுமக்களுக்கோ பிரித்தானியாவில் 1973ஆம் ஆண்டில்தான் சட்டம் வந்தது. லாரன்ஸ் இறந்து 38 ஆண்டுகள்! கண்டுபிடிப்புக்கு 36 மணி போதலாம். அது தெருவுக்கு வந்து சேரப் பிறிதொரு உழைப்பு வேண்டியிருக்கிறது.

ஆகவே நாம் வேண்டுவது இது. களத்தின் முதல் நாள் கணிப்பொறி அறையில் அன்றிச் சாலையோரத்தில் கழியட்டும். 108 ஊர்தியின் பணியாளர், போக்குவரத்துக் காவலர், பட்டறை மெக்கானிக், உணவு கொண்டுசெல்லும் இளைஞர் ஆகியோர் சிக்கலைச் சொல்லட்டும், மாணவர் எழுதிக்கொள்ளட்டும். சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளத்தில் காவலர்கள் நிகழ்விடத்திலிருந்தே விவரங்களைப் பதிகின்றனர். எந்த வளைவில், எந்த நேரத்தில் வண்டிகள் வீழ்கின்றன என்பதைக் காவல்துறையின் துணையுடன் மாணவர் கேட்டறியலாம். பரிசுத் தொகையின் ஒரு பகுதியையேனும் ஓராண்டு நிறுத்திவைத்து, தேர்ந்தெடுத்த ஒரு சந்திப்பில் முன்னும் பின்னும் கணக்கெடுத்த பிறகே வழங்குதல் நலம். கோப்பையுடன் படம் எடுத்துக்கொண்டு மாதிரியை அலமாரியில் பூட்டும் வழக்கம் அதனால் சற்றே குறையும்.

இதில் தமிழ்த்துறைக்கு என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைப்பர். சாலைப் பலகையில் ஒரு நொடியில் படிக்கத்தக்க தொடரை எழுதுவது எளிதன்று. 'வேகத்தடை' என்ற நல்ல சொல் இன்று எவர்க்கும் விளங்குகிறது. காயமுற்றவருக்கு உதவுவோரைக் காக்கும் 134ஏ என்னும் பிரிவு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. அதனைச் சிற்றூரார்க்கு விளங்கும் தமிழில் நான்கு வரிகளில் எழுதித் தர யார் இருக்கின்றனர்? அந்நான்கு வரிகளை எழுதும் பணியை எம் இரண்டாமாண்டு மாணவர்க்கு இப்பருவத்தில் ஒப்படைத்திருக்கிறோம். இயற்பியல், கணிப்பொறித் துறையினர் இசைந்தால், கல்லூரி வாயிலுக்கு எதிரேயுள்ள திருப்பத்தையே முதற்களமாகக் கொள்ளலாம்.