அவங்க என்ன பாலமா?

மக்களே, இன்னிக்குக் கொஞ்சம் காரம். கோடு எழுதுற பயலுக்கு ஓவியத்துல என்ன வேலைன்னு கேக்கறவங்க அப்படியே எஸ்கேப் ஆயிடுங்க :-)

1953 ஏப்ரல்ல மாரிஸ் லூயிஸ், கென்னத் நோலண்ட்னு ரெண்டு ஓவியர்கள் வாஷிங்டன்ல இருந்து நியூயார்க் வந்தாங்க. விமர்சகர் கிளமென்ட் கிரீன்பெர்க் அவங்களை ஹெலன் ஃபிராங்கன்தாலரோட ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போனார். அங்கே இருந்தது 'மலைகளும் கடலும்'. முந்தின அக்டோபர்ல, 23 வயசுல அம்மணி வரைஞ்ச அரூப ஓவியம். கிட்டத்தட்ட 7 அடிக்கு 10 அடி. அடிப்பூச்சு பூசாத கான்வாஸைத் தரையில விரிச்சு, ஆயில் பெயிண்டைத் தண்ணி மாதிரி கரைச்சு ஊத்தியிருக்காங்க. வெள்ளை வேட்டியில ரசம் கொட்டின மாதிரி நிறம் துணிக்குள்ளேயே ஊறிப் போச்சு.

லூயிஸ் ஆடிப்போயிட்டார். ஊருக்குத் திரும்பி, வீட்டுச் சாப்பாட்டு அறையில நிறங்களை வழிய விட ஆரம்பிச்சார். 1954ல தொடங்கின 'திரை' ஓவியங்கள் அப்படி வந்ததுதான். காப்பின்னு யாரும் கிளம்ப வேணாம். அம்மணி படத்துல கரிக்கோடு இருக்கும். இவர் கோட்டையே தூக்கிட்டார்.

பொல்லாக்குக்கும் அடுத்து சாத்தியமானதுக்கும் நடுவுல அவங்க ஒரு பாலம்னு லூயிஸ் பின்னாடி சொன்னார். மனசாரச் சொன்ன பாராட்டு. அவர் நின்ன இடத்துல இருந்து பார்த்தா உண்மையும்கூட. என் கோபம் அவர் மேல இல்லை. அதையே பிடிச்சுக்கிட்டு, அவங்க பேரு வர்ற இடத்துலெல்லாம் 'பாலம்'னு எழுதுற ஆளுங்க மேலதான். தரையில விரிச்சு ஊத்துறதை அவங்க பொல்லாக்கைப் பார்த்துதானே எடுத்துக்கிட்டாங்க? அப்போ பொல்லாக் அவங்களுக்குப் பாலமா? அப்படி எழுத மட்டும் கை வராது!

(சொந்தக் கதை: ஆபீஸ்ல என் ஃபங்ஷனை வெச்சு ஒருத்தர் பெரிய மாட்யூல் எழுதினார். டெமோவுல "இவர் கோடு ரொம்ப உதவியா இருந்துச்சு"ன்னார். நானும் கை தட்டினேன். அன்னிலேர்ந்து எல்லா டாக்குமென்ட்லயும் என் பேருக்கு நேரா 'உதவி'. கை தட்டியிருக்கக் கூடாது.)

லூயிஸ் 1962ல போயிட்டார். அம்மணி 2011 வரை இருந்தாங்க. அக்ரிலிக்குக்கு மாறினாங்க, மரச்செதுக்கு அச்சு செஞ்சாங்க, பல பத்து வருஷம் வரைஞ்சாங்க. அந்தப் படமெல்லாம் எந்தக் கரையில இருந்து எந்தக் கரைக்குப் போட்ட பாலம்? சொல்லுங்கய்யா.