குளிர்ந்து போகும் எரிமலை

பள்ளிக்கூடங்களில் விஞ்ஞான உபாத்தியாயர்கள் எரிமலை ஒன்று செய்து காட்டுவதுண்டு. களிமண்ணைக் குன்றுபோல் குவித்து, நடுவில் ஒரு குப்பியைப் புதைத்து, அதில் சமையல் சோடாவும் சோப்பு நீரும் சிவப்புச் சாயமும் இட்டு, வினிகரை ஊற்றினால், செந்நுரை பொங்கிச் சரிவெல்லாம் வழிகிறது. குழந்தைகள் கைகொட்டி ஆரவாரிக்கிறார்கள். நுரை அடங்கியதும் குப்பியைத் தொட்டுப் பாருங்கள், ஜில்லென்றிருக்கும்! சோடாவும் வினிகரும் சேரும்போது உஷ்ணம் வெளிப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. பொங்கப் பொங்கக் குளிரும் எரிமலை உலகத்தில் இது ஒன்றுதான் போலும்.

ஆயினும் இதை வெறும் விளையாட்டென்று தள்ளிவிடலாகாது. நுரையை எழுப்புவது கரியமில வாயு. மெய்யான எரிமலையிலும் பாறைக் குழம்பைப் பீறிட்டெழச் செய்பவை வாயுக்களே. பூமியின் ஆழத்தில், மேலுள்ள பாறைகளின் அழுத்தத்தால், நீராவி முதலிய வாயுக்கள் குழம்பில் கரைந்து கிடக்கின்றன. குழம்பு மேலேறி அழுத்தம் குறைந்ததும் குமிழிகளாய்ப் பிரிகின்றன. கோலி சோடாவின் குண்டை அழுத்தியவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. குழம்பு இளகியிருந்தால் வாயு எளிதில் தப்பும். கெட்டியாயிருந்தால் சிக்கிக்கொண்டு மலையையே பிளந்துவிடும்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. செந்நுரை வழிவதைக் கண்ட குழந்தை, அபாயமெல்லாம் தீக்குழம்பில்தான் என்று எண்ணிக்கொள்கிறது. குழந்தை மட்டுமா? பெரியவர்களும் அப்படியே. தீக்குழம்பிலிருந்து பெரும்பாலும் நடந்தே தப்பிவிடலாம். 1985 நவம்பர் 13-ல் கொலம்பியாவில் நெவாடோ டெல் ரூயிஸ் வெடித்தபோது, சிகரத்துப் பனிக்கட்டி உருகிச் சாம்பலோடும் மண்ணோடும் கலந்து, ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் பாய்ந்தது. சுமார் இரண்டரை மணி நேரத்தில் அச்சேறு ஆர்மெரோ நகரை மூடிற்று. மாண்டவர் மொத்தம் சுமார் 23,000 பேர். தீக்குழம்பு அவ்வூரை எட்டிப் பார்க்கவேயில்லை. அபாயப் பிரதேசங்களைக் குறித்து விஞ்ஞானிகள் முன்னதாகவே வரைபடம் தயாரித்திருந்தார்கள் என்பதை நினைக்கும்போதுதான் நெஞ்சு பதைக்கிறது. காகிதத்திலிருந்த கோடுகள் ஊராரின் மனத்தில் ஏறவில்லை.

பிரெஞ்சு தம்பதிகளான மொரீஸ் கிராப்டும் காத்தியா கிராப்டும் இவ்வபாயங்களைக் கண்ணால் காணும்படி ஒரு படம் எடுத்தார்கள். 1991 ஜூன் 3-ல் ஜப்பானின் உன்ஸென் மலையில், கொதிக்கும் சாம்பல் மேகம் ஒன்று கீழே பாய்ந்தது. இருவரும் அதில் உயிர் நீத்தனர். அதே சமயம் பிலிப்பைன்ஸில் பினட்டுபோ மலை குமுறிக்கொண்டிருந்தது. அங்கே அதிகாரிகளுக்கும் கிராமத்தாருக்கும் அப்படத்தைக் காட்டினார்கள். பல்லாயிரம் பேர் ஊரைவிட்டு வெளியேறினார்கள். ஜூன் 15-ல் மலை பெரும் சீற்றத்துடன் வெடித்தது. புயல்மழையில் நனைந்து கனத்த சாம்பல் கூரைகளை நொறுக்கியதால் சில நூறு பேர் இறந்தனர். மலையடிவாரத்து ஜனங்களில் பெரும்பாலோர் பிழைத்தனர்.

உபாத்தியாயர்களுக்கு ஒரு விண்ணப்பம். களிமண் மலையில் இரண்டொரு பள்ளங்களைக் கீறி, மேட்டிலும் பள்ளத்திலும் அடிவாரத்திலும் தீப்பெட்டி வீடுகளை வையுங்கள். நுரை அடங்கிய பிறகு, உச்சியில் தூள்மண்ணைக் குவித்து ஒரு செம்பு நீரைச் சாயுங்கள். எந்த வீடு முதலில் போகும் என்று, நீரைச் சாய்ப்பதற்கு முன்பே குழந்தைகளைக் கேட்டுவிடுங்கள். உச்சிக்கு அருகில், மேட்டின்மேல் இருக்கும் வீட்டைத்தான் அநேகர் சுட்டிக்காட்டுவார்கள்.